மெருவின் தலைச்சன் கன்று

தாக் பொங்ஹி அத்தை மாட்டைத் தடவும்போது முதுகில் தொடங்க மாட்டாள். கழுத்தடியில், கயிறு உரசும் இடத்தில் விரல் வைப்பாள். அங்கிருந்து வரி எந்தப் பக்கம் ஓடுகிறதோ அந்தப் பக்கமாகவே கை போகும். வரி முடிந்ததும் கையை எடுத்துவிட்டு அடுத்த வரிக்கு வருவாள். பக்கத்து வீட்டில் வளர்ந்ததால் இதை நான் எத்தனையோ தடவை பார்த்திருக்கிறேன். மாடு கண்ணை மூடிக்கொண்டு நிற்கும்.

எங்கள் ஊரான சாத்கொல்லில் மற்ற எல்லார் கொட்டகையிலும் மஞ்சள் மாடுகள்தான். அத்தையிடம் மட்டும் வரிமாடுகள். செம்பழுப்பு உடம்பில் கறுப்புப் பட்டைகள் இறங்கும், சரிவில் ஏறும் காட்டுக்கொடியை மாட்டின் மேல் சுற்றிவிட்டதுபோல. மூக்கும் கறுப்பு.

"என்ன பொங்ஹி, உன் மாட்டுக்கு அப்பன் புலியாமே?" என்று அரவை மில்லில் கேட்பார்கள்.

"ஆமா. உன் வீட்டுப் பக்கம்தான் சுத்திக்கிட்டிருக்கு. கதவைச் சாத்திட்டுப் படு."

ஒரு காலத்தில் மலையெங்கும் வரிமாடும் கறுப்பு மாடும் இருந்தனவாம். நாட்டு மாடு என்றால் மஞ்சள்தான் என்று மேலே யாரோ முடிவு செய்தார்கள். மற்ற நிறத்துக் காளைகளுக்குக் காயடித்தார்கள். அத்தையின் அப்பா ஒரு பசுவை மேட்டுக்காட்டுக் குடிசையில் கட்டி வைத்திருந்தார், அதிகாரி வந்தால் கிழட்டு மாடு என்று சொல்லிக்கொண்டு. அந்தப் பசுவின் வழியில் வந்ததுதான் அத்தையின் கொட்டகை முழுவதும். நகரத்துத் தையல் ஆலையில் வேலை பார்த்துக்கொண்டிருந்தவள், அப்பா படுத்த படுக்கையானதும் ஊருக்கு வந்தாள். பிறகு திரும்பிப் போகவில்லை. கல்யாணமும் செய்துகொள்ளவில்லை.

அவளுடைய கவலை மாடு குறைவு என்பதில்லை. எல்லாம் ஒரே குடும்பமாகிவிட்டது என்பதுதான். கொட்டகையின் பசுக்கள் அத்தனையும் 'பெரியவன்' என்று அவள் கூப்பிட்ட ஒரே காளையின் மகள்கள், பேத்திகள். பெரியவன் செத்துப்போனான். அவனுடைய உறைவிந்துக் குச்சிகள் கொஞ்சம் மிஞ்சியிருந்தன. அவற்றை அவன் மகளுக்கே போட அத்தைக்கு மனம் வரவில்லை. ஏற்கெனவே கன்றுகள் சிறுத்துப் பிறந்துகொண்டிருந்தன.

அதனால் கப்பலேறி கிழக்குக் கடல் தீவுக்குப் போனாள். அங்கே வரிமாடு வைத்திருந்த ஒருவரிடம் கெஞ்சி, பால் மறந்த கிடாரிக் கன்று ஒன்றை வாங்கி வந்தாள். அலையில் கன்று வாந்தியெடுக்குமோ என்று வழியெல்லாம் அதன் பக்கத்திலேயே உட்கார்ந்திருந்தாளாம்; கடைசியில் வாந்தியெடுத்தது அவள்தான். மெரு என்றால் காட்டுத் திராட்சை; அதுபோல் கறுத்த கண் என்பதால் அந்தப் பெயரை வைத்தாள். பெரியவனோடு சொந்தமில்லாத ரத்தம் மெருவிடம் மட்டும்தான் இருந்தது. பெரியவன் குச்சிக்குப் பொருத்தமான ஒரே கிடாரியும் அதுதான்.

அதைத் தன் கொட்டகையில் வைத்துக்கொள்ளவில்லை. நோய் வந்தால் ஒரு கொட்டகை முழுவதும் போய்விடும் என்று அவளுக்குத் தெரியும். எதுவும் இரண்டு இடத்தில் இருக்க வேண்டும் என்பாள். கணவாய்க்கு அந்தப் பக்கம், தொல்மே ஊரில் இருந்த சொக் கிதொக்கிடம் மெருவை வாரத்துக்கு விட்டாள்.

கிதொக் ரத்த உறவில்லை. அவன் குடும்பம் முன்பு அத்தை வீட்டுக் கீழ்வயலில் குடியிருந்தது. அவன் அம்மா வயலுக்குப் போகும்போது அவனை முதுகில் துணியால் கட்டிக்கொண்டு திரிந்தவள் அத்தைதான். வளர்ந்த பிறகும் அவளுக்கு அவன் "டேய்"தான், அவனுக்கு அவள் "அக்கா"தான். மாட்டுக்குச் சினை ஊசி போடக் கற்றவன். குச்சிகளை வைக்க நைட்ரஜன் குடுவையும் அவனிடம் இருந்தது.

வாரத்துக்கு விடுவது எங்கள் மலையில் பழைய வழக்கம். ஒருவர் கிடாரியைக் கொடுப்பார், மற்றவர் தீனி போட்டு வளர்ப்பார். அது ஈன்றதும் தலைச்சன் கன்று வளர்த்தவருக்கு. தாய் மாடு கொடுத்தவர் வீட்டுக்குத் திரும்பும். எழுத்து கிடையாது. ஆளுக்கு ஒரு கிண்ணம் அரிசிக்கள், மக்கொல்லி, குடித்தால் முடிந்தது. அன்றைக்கு அடை சுட்டுப் போட்டவள் என் அம்மா. நானும் இருந்தேன்.

"பாத்துக்கடா. இது தீவுக்காரி. கொஞ்சம் ரோஷம் ஜாஸ்தி."

"உன்னைவிடவா அக்கா?" என்றான் கிதொக். "என்ன, ஊர்ல கேப்பாங்க. பொண்ணு கோடு போட்ட பைஜாமாவோடவே வந்திருச்சான்னு."

அத்தை பெரியவனின் குச்சிகளை அவன் குடுவைக்குள் இறக்கினாள். எந்த மாட்டுக்கு எந்தக் குச்சி என்று ஒரு வார்த்தை சொல்லவில்லை. அதற்காகத்தானே இரண்டையும் ஒன்றாகக் கொடுத்தாள். கையில் சாவியையும் பூட்டையும் கொடுத்துவிட்டு, இது அதற்கு என்று யாராவது சொல்வார்களா? தலைச்சன் கன்று கிதொக்கிடம் இருக்கும், மெரு தன்னிடம் திரும்பும், இரண்டு கொட்டகையில் வரி இருக்கும். இதுதான் அவள் கணக்கு.

மறு வருஷம் வசந்தத்தில் மெரு சினை பிடித்துவிட்டதாகக் கிதொக் சொன்னான். அத்தை எங்கள் வீட்டுக்கு வந்து, கேட்காமலேயே ஊறுகாய்ப் பானையைத் திறந்து முள்ளங்கிக் கிம்ச்சி எடுத்துத் தின்றாள். சந்தோஷம் வந்தால் அவளுக்குப் பசிக்கும்.

அந்தக் குளிர்காலம் கோமாரி வந்தது. எங்கள் பள்ளத்தாக்கின் கீழ்க்கோடியில் ஒரு பண்ணையில் முதலில் கண்டார்கள். அத்தையின் மாடுகளுக்கு நோயில்லை. நோய் கண்ட பண்ணையைச் சுற்றி மாடுகளை அழிக்கச் சொன்ன வட்டத்துக்குள் இருந்தன, அவ்வளவுதான். வெள்ளை உடுப்பு போட்டவர்கள் வந்து நாள் சொல்லிவிட்டுப் போனார்கள். அன்று காலை அத்தை பெரிய அண்டாவில் வைக்கோலும் சோயா மொச்சையும் தவிடும் போட்டுக் கஞ்சி காய்ச்சினாள். சாதாரண நாளில் அவ்வளவு மொச்சை போட மாட்டாள். எல்லா மாடும் குடித்து முடிக்கும்வரை வெள்ளை உடுப்புக்காரர்களை வாசலிலேயே நிற்க வைத்தாள். அவர்களும் நின்றார்கள். பிறகு மேட்டுக்காட்டில் குழி வெட்டினார்கள்.

கணவாயை மூடிவிட்டார்கள். சாலையில் சுண்ணாம்புத் தூள், ஒவ்வொரு வளைவிலும் மருந்து நீர் தெளிக்கும் சாவடி. யாரும் அந்தப் பக்கம் போக முடியாது. அத்தை வெறும் கொட்டகையில் உட்கார்ந்து கிதொக்குக்குப் போன் போடுவாள். அம்மா கொடுத்தனுப்பும் குழம்போடு நான் போகும்போதெல்லாம் காதில் போன் இருக்கும்.

"சாப்டியா அக்கா?"

"மெரு சாப்டுச்சா?"

"உன்னைவிட நல்லா சாப்டுது. நேத்து என் தொப்பியை மென்னுடுச்சு."

"நல்லா வேணும். வாசல்ல சுண்ணாம்பு போட்டியா?"

"போட்டேன் போட்டேன். வெளியாள் ஒருத்தனையும் விடல. மிரானையே சோப்புப் போட்டுக் கழுவித்தான் உள்ள விடறேன்."

மிரான் அவன் மனைவி. பின்னாலிருந்து அவள் ஏதோ திட்டுவது கேட்கும். அத்தை சிரிப்பாள். அந்த மாதங்களில் அவள் சிரித்தது அந்தப் போனில் மட்டும்தான்.

குழி மூடிச் சில நாளில் மெரு ஈன்றது.

"கிடாரி அக்கா" என்றான் கிதொக்.

"மெரு?"

"படுத்திருக்கு."

"நஞ்சுக்கொடி விழுந்துச்சா?"

"விழுந்துச்சு."

"கன்னு எப்படி? வரி?"

"பொறந்த கன்னுல வரி எங்க தெரியும் அக்கா. உனக்குத் தெரியாததா."

உண்மைதான். வரிமாட்டின் கன்று வெறும் பழுப்பாகத்தான் பிறக்கும். குட்டி மயிர் உதிர்ந்து புது மயிர் வரும்போதுதான் கறுப்பு எட்டிப் பார்க்கும். அத்தை அதோடு விட்டுவிட்டாள். அதன் பிறகு வசந்தம்வரை எத்தனையோ போன். ரெண்டும் நல்லா இருக்கு. ரெண்டும் சாப்டுது. ரெண்டும் வெயில்ல நிக்குது.

கணவாய் திறந்த அன்று முதல் பஸ்ஸில் அத்தை கிளம்பினாள். மெருவுக்கு என்று ஒரு சாக்கு நிறைய உலர்ந்த மொச்சைத் தோல். சாக்கைத் தூக்கிக்கொண்டு நானும் கூடப் போனேன்.

மிரான் வாசலில் உருளைக்கிழங்கு துருவிக்கொண்டிருந்தாள். எங்களைப் பார்த்ததும் கை நின்றது. "அண்ணி, ஒரு போன் போட்டுட்டு வந்திருக்கலாமே" என்றாள்.

"தினமும்தானே போடறேன்."

அத்தை நேராகக் கொட்டகைக்குள் போனாள். மஞ்சள் மாடுகள் வரிசையாக நின்றன. மெரு இல்லை. கடைசித் தடுப்பில் ஒரு கன்று நின்றது. எலும்பு கனத்த, நெஞ்சு அகன்ற, மூன்று மாதத்துக்குப் பெரிய கன்று. குட்டி மயிர் உதிர்ந்து முடிந்திருந்தது. மூக்கு இளஞ்சிவப்பு. உடம்பு முழுக்கத் தெளிவான மஞ்சள், ஒரு கறுப்பு மயிர்கூட இல்லை.

அத்தை அதன் கழுத்தடியில் விரலை வைத்தாள். கை நகரவில்லை.

கிதொக் பின்னால் வந்து நின்றான்.

"மெரு எங்கடா?"

"ஈனும்போதே போயிடுச்சு அக்கா."

அத்தை திரும்பவில்லை.

"கன்னு பெருசு. தலைச்சன் ஈத்து, இடுப்பு பத்தல. மருத்துவரைக் கூப்பிட்டேன், சாவடியில விடல. நானும் மிரானும் கயிறு கட்டி இழுத்தோம். ராத்திரி பூரா இழுத்தோம்."

"பெரியவன் கன்னு பெருசா இருக்காது."

இப்போதுதான் அத்தை திரும்பினாள்.

"எதைப் போட்ட?"

"குலுக்கல்ல விழுந்துச்சு அக்கா" என்றான். பெயர் பெற்ற கறிக்காளைகளின் குச்சிக்கு எப்போதும் ஆள் அதிகம். குலுக்கல் போட்டுத்தான் கொடுப்பார்கள். "எத்தனை வருஷமா எழுதிப் போடறேன், ஒரு தடவை விழுந்துச்சு. அந்த வாரம் பருவத்துக்கு வந்தது மெரு மட்டும்தான். விதையை வாங்கி வெச்சுட்டு சும்மா இருக்க முடியல."

"மெருவுக்குப் பெரியவனோட குச்சின்னு உனக்குத் தெரியாது?"

"தெரியும்" என்றான். "ஆனா தலைச்சன் கன்னு எனக்குத்தானே. எனக்கு வர்ற கன்னுக்கு நான் நல்ல விதை போட்டேன். அடுத்த ஈத்துக்கு உன் குச்சி போட்டுக்கலாம், மெரு உன்கிட்டதான திரும்பப் போகுதுன்னு நெனச்சேன். வழக்கத்துல கன்னு யாருக்குன்னுதான் இருக்கு. விதை யாருதுன்னு எங்க இருக்கு? நீயும் சொல்லலியே."

அதுதான் உண்மை. அவள் சொல்லவில்லை. விதையைப் பற்றி அவன் சொன்னதில் பொய் எதுவும் இல்லாதது அவளை அதிகம் அடித்தது என்று நினைக்கிறேன். தடுப்புக் கட்டையைப் பிடித்துக்கொண்டாள்.

"அப்போ குளிர்காலம் பூரா போன்ல சாப்டுதுன்னு சொன்னது?"

"உன் மாடெல்லாம் குழியில போட்ட வாரம் அது. அப்போ எப்படிச் சொல்லுவேன்?"

"அடுத்த வாரம்?"

கிதொக் தலையைக் குனிந்துகொண்டான். மிரான் கொட்டகை வாசலில் நின்று, "நான் சொல்லச் சொல்லிக்கிட்டே இருந்தேன் அண்ணி. நாளைக்கு நாளைக்குன்னே ஓட்டிட்டாரு" என்றாள். அவள் கையில் கிழங்கு மாவு காய்ந்து வெள்ளையாக இருந்தது.

வெறும் கொட்டகையில் உட்கார்ந்து அத்தை சிரித்த சிரிப்பெல்லாம் எனக்கு நினைவு வந்தது. அந்தத் தொப்பியை மெரு உண்மையிலேயே மென்றதா என்று கேட்க நினைத்தேன். கேட்கவில்லை.

அத்தை வெளியே வந்து சாக்கின் மேல் உட்கார்ந்தாள். அவள் அப்படியே உட்கார்ந்திருக்க, மிரான் அடையைச் சுட்டுக் கொண்டுவந்து வைத்தாள். யாரும் தொடவில்லை. பிறகு அத்தை கிதொக்கைப் பார்த்துப் பேசினாள். குரல் தணிந்திருந்தது.

"அந்தக் கன்னை என்ன செய்யப் போறீங்க?"

அவன் நிமிர்ந்தான். "என்னைப் போய் நீங்கங்கறியே அக்கா."

"என்ன செய்யப் போறீங்க?"

"சந்தைக்கு. கேட்டு ஆள் வந்துட்டாங்க."

"எனக்கு வாரத்துக்குத் தாங்க."

அவனுக்குப் புரியவில்லை. எனக்கும் உடனே புரியவில்லை. மஞ்சள் கன்றைப் பார்த்தால் அதில் மெரு எங்கே இருக்கிறாள் என்று யாருக்கும் தெரியாது. ஆனால் பாதி மெருதான். மெருவின் ரத்தம் எங்கள் மலையில் மிஞ்சியிருப்பது அதற்குள் மட்டும்தான். அதற்குப் பெரியவன் சொந்தமில்லை. அவன் குச்சிகள் கிதொக்கின் குடுவையில் தொடப்படாமல் இருந்தன.

"நான் தீனி போட்டு வளக்கறேன். ஈன்னதும் மாடு உங்களுக்குத் திரும்பும், உங்க கறிக்காளை மக. தலைச்சன் கன்னு எனக்கு." சற்று நிறுத்தினாள். "விதை எனக்கு வர்ற கன்னுக்கு நான் போடறது. வழக்கத்துல தடை இல்லைன்னு நீங்கதான் சொன்னீங்க."

"குடுங்க" என்றாள் மிரான், புருஷனைப் பார்க்காமல்.

மக்கொல்லி கொண்டுவந்தாள். கிதொக் குடித்தான். அத்தை கிண்ணத்தை உதட்டில் வைத்து எடுத்துவிட்டாள்.

புது மாடு சேர்க்க அனுமதி வந்ததும் கன்று சாத்கொல்லுக்கு வந்தது. குச்சிகளை மருத்துவரின் குடுவைக்கு மாற்றினாள். கன்றை நன்றாகத்தான் வளர்த்தாள். குளிரில் முதுகுக்குத் துணி போட்டாள், கஞ்சி காய்ச்சினாள், குளம்பு வெட்டினாள். பெயர் வைக்கவில்லை. "மஞ்சளு" என்பாள். தடவிக் கொடுத்து நான் பார்த்ததில்லை. சிலநாள் அதன் எதிரில் நின்று முகத்தையே பார்த்துக்கொண்டிருப்பாள். கண்ணில் தேடுகிறாள் என்று அம்மா சொல்வாள். கண் சாதாரணக் கண்தான்.

பருவத்துக்கு வந்தபோது மருத்துவர் பெரியவன் குச்சியைப் போட்டார். முதல் தடவை சினை நிற்கவில்லை. குச்சி கொஞ்சம்தான் இருந்தது. அடுத்த பருவத்தில் நின்றது.

பிறந்தது கிடாரி. வெறும் பழுப்பு. ஆனால் மூக்கு கறுப்பு. ஊரில் ஆள் ஆளுக்கு வந்து பார்த்துவிட்டுப் போனார்கள். "மூக்கு மட்டும் கறுத்தா புலியாயிடுமா?" என்றார் அரவை மில்காரர். வழக்கமாக இதற்கு அத்தையிடம் ஒரு பதில் இருக்கும். அன்றைக்குக் கன்றுக்கு வைக்கோல் பரப்பிக்கொண்டிருந்தாள்.

கன்று பால் மறந்ததும் கிதொக் லாரியோடு வந்தான். அத்தை மஞ்சள் பசுவைத் தேய்த்துக் குளிப்பாட்டி வைத்திருந்தாள். தொல்மே முழுவதும் தேடினாலும் அவ்வளவு செழித்த மாடு கிடைத்திருக்காது. ஒப்படைப்பதில் யாரும் ஒரு சொல் சொல்லக் கூடாது என்று செய்ததுபோல் இருந்தது.

"அக்கா, ஒரு தடவை பழைய மாதிரி திட்டு" என்றான்.

"லாரியில வைக்கோல் போட்டிருக்கேன், வழுக்காது. எறக்கத்துல பாத்து ஓட்டுங்க."

அவன் போன பிறகுதான் ஒருநாள் என்னைக் கூப்பிட்டாள். கன்றின் கழுத்தடியில், கயிறு உரசும் இடத்தில், மையை விரலால் இழுத்ததுபோல் ஒரு கோடு. அன்றைக்கு அதை அவள் தொடவில்லை. அழிந்துவிடும் என்று பயந்தவள்போல் கையைப் பின்னால் கட்டிக்கொண்டு நின்றாள். இலையுதிர் காலத்துக்குள் வரி விலாவுக்கு இறங்கியது. இடப்பக்கம் அடர்த்தி, வலப்பக்கம் அங்கங்கே.

அந்தக் கிடாரி வளர்ந்தது. தெற்கு மாகாணத்தில் புதிதாகக் கிடைத்த வரிக்காளை ஒன்றின் குச்சியில் அதுவும் ஒரு கிடாரி ஈன்றது. கொட்டகையில் வரி இரண்டானது. அதற்குள் எனக்குக் கல்யாணமாகி நான் கடற்கரைப் பக்கம் போய்விட்டேன். ஒரு குளிர்காலத் தொடக்கத்தில், மேற்கே எங்கோ மறுபடி கோமாரி என்று செய்தியில் சொன்னார்கள். நான் அம்மாவைப் பார்க்க வந்திருந்தேன். கிதொக்கும் வந்திருந்தான். அத்தையின் வேலிக்கு வெளியே நின்றான், உள்ளே வரவில்லை.

"ரெண்டையும் ஒரே எடத்துல வெச்சிருக்க அக்கா. ரெண்டு எடத்துல இருக்கணும்னு நீதானே சொல்லுவ. ஒண்ணை என்கிட்ட விடு. நீ என்ன சொன்னாலும் கேட்டுக்கறேன்."

"நான்தான் சொன்னேன்" என்றாள் அத்தை. "நீங்க சொல்றது சரிதான். போயிட்டு வாங்க."

அவன் போவதையே பார்த்துக்கொண்டிருந்தாள். கையிலிருந்த வைக்கோலை முறுக்கிக்கொண்டே இருந்தாள். அவன் சொன்னது சரி என்பதுதான் அவளுக்கு வேதனை. தன் முதுகில் கிடந்த காலத்திலிருந்து அவனை நம்பினாள், இப்படியானது. இனி யாரை, எதை வைத்து நம்புவது?

"உன் புருஷன் வீட்டுல மாடு இருக்கு, இல்ல?" என்றாள் என்னிடம்.

"எட்டு. மஞ்சள்."

மறுநாள் சின்னக் கிடாரியின் கயிற்றைப் பிடித்துக்கொண்டு எங்கள் வாசலுக்கு வந்தாள். அம்மா மக்கொல்லி எடுக்க உள்ளே போனாள். அத்தை அதற்குக் காத்திருக்கவில்லை.

"தலைச்சன் கன்னு உனக்கு. தாய் எனக்கு. விதை நான் அனுப்பறதுதான். வேற எதையும் போடக் கூடாது. செத்தா அன்னிக்கே சொல்லணும். நான் அழுதுக்கிட்டு இருந்தாலும் சொல்லணும். திருப்பிச் சொல்லு."

சொன்னேன்.

"மறுபடி."

மறுபடி சொன்னேன். ஒரு வார்த்தை விடாமல் சொன்னேன். அவள் என் வாயையே பார்த்துக்கொண்டிருந்தாள். நான் சொன்னதை அவள் நம்பவில்லை, தெரிந்தது. கிடாரியின் கழுத்தடியில் விரல் வைத்து, ஒரே ஒரு வரியைக் கடைசிவரை தடவினாள். பிறகு கயிற்றை என் கையில் கொடுத்தாள்.